மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்: வாசகர் கேள்வி பதில்

உள்மனப் போராட்டம் குறித்துச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற மூன்றையும், தற்காப்பு உத்திகள் பத்தையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். மூளைக்குள் உண்மையிலேயே இப்படி மூன்று பகுதிகள் இருக்கின்றனவா? மனப்போராட்டம் என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.
(பி.எட். மாணவி, விருத்தாசலம்)

பதில்: மூளையை அறுத்துப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. நோயாளியைப் பேசவிட்டு அடிமனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு, 1923-ல் இவற்றைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தியவை, ஜெர்மன் மொழியில் குழந்தைகளும் பேசுகிற மிகச் சாதாரணமான சொற்கள்: 'அது', 'நான்', 'மேல்-நான்'. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் அவற்றுக்கு லத்தீன் உடை அணிவித்தார்கள். அந்த உடையோடுதான் அவை நம் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்தன. தமிழில் யோசித்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். நாம் 'எனக்குக் கோபம் வந்தது', 'என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது' என்றுதான் சொல்கிறோம். வந்தது எங்கிருந்து என்று கேட்டால் நமக்கே தெரியாது. அப்படி நம்மைக் கேட்காமல் வருகிற ஒன்று, அதைச் சமாளிக்க வேண்டிய 'நான்', இரண்டையும் மேலிருந்து கண்காணித்துக் கண்டிக்கிற ஒரு குரல் ஆகிய மூன்றும் ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் இழுப்பதைத்தான் ஃபிராய்டு போராட்டம் என்றார்.

ஓர் உண்மையான நோயாளியின் கதையைச் சொன்னால் மனத்தில் நிற்கும். 1892-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், 24 வயதுப் பெண் ஒருவர் இரண்டு ஆண்டுகளாகக் கால்வலியாலும் நடக்க முடியாமையாலும் அவதிப்பட்டு ஃபிராய்டிடம் வந்தார். 1895-ல் பிராயர் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஃபிராய்டு வெளியிட்ட நூலில் அவருக்கு எலிசபெத் ஃபான் ஆர். என்று புனைபெயர் இட்டிருக்கிறார்கள். நோயுற்ற தந்தையின் வீங்கிய காலைத் தம் வலது தொடையின் மீது வைத்துக்கொண்டு தினந்தோறும் கட்டு மாற்றியவர் அவர். வலி தொடங்கிய இடமும் அந்தத் தொடைதான். பிறகு அவருடைய அக்காள் கர்ப்பமாக இருந்தபோது இதய நோயால் இறந்துபோனார். செய்தி கேட்டு ரயிலேறி ஓடிவந்து, அக்காளின் உடலருகே நின்ற அந்தக் கணத்தில் அவருக்குள் ஓர் எண்ணம் மின்னி மறைந்ததாம்: 'இனி அத்தானுக்குத் தடையில்லை, நான் அவருக்கு மனைவியாகலாம்.' அக்காளை உயிராய் நேசித்த ஒரு பெண்ணால் இப்படியோர் எண்ணத்தை வைத்துக்கொண்டு வாழ முடியுமா? அதனால் அவருடைய மனம் அந்த எண்ணத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. தள்ளப்பட்டதன் வேகம் கால்வலியாய்த் தங்கிவிட்டது என்பது ஃபிராய்டின் விளக்கம். தற்காப்பு என்ற சொல்லை அவர் அக்காலத்திலேயே, 1894-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், இதே பொருளில் எடுத்தாண்டார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெண்மணி தம் மகளிடம் பேசும்போது, தாடி வைத்த இளம் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் தம்மை அனுப்பினார்கள் என்றும், தாம் அத்தானைக் காதலித்ததாக அவர் தம்மை நம்பவைக்கப் பார்த்தார் என்றும், உண்மையில் அப்படி எதுவும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். மறைத்தாரா, மறந்தாரா, அல்லது ஃபிராய்டுதான் தவறாகப் புரிந்துகொண்டாரா? தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. உளப்பகுப்பாய்வின் அழகு, பலவீனம் இரண்டும் இந்த ஒரே கதைக்குள் இருக்கின்றன. ஆசிரியராகப் போகிற நீங்கள் இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

தேர்வுக்கு உதவும் இன்னொன்று. அடக்கப்பட்ட ஆசைதான் பதற்றமாக மாறுகிறது என்று முதலில் எண்ணிய ஃபிராய்டு, 1926-ல் அதைத் தலைகீழாக்கினார். பதற்றம் முதலில் வருகிறது. அது ஓர் எச்சரிக்கை. அதைக் கண்டுதான் 'நான்' தற்காப்பில் இறங்குகிறது என்றார். பால் பொங்கப்போகிற சத்தம் கேட்டதும் நம்மை அறியாமல் அடுப்பைத் தணிக்கிற கையைப் போன்றது அது. 'பத்து' என்ற எண், அவருடைய மகள் அன்னா ஃபிராய்டு 1936-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது. ஒன்பதைச் சொல்லிவிட்டு, உயர்மடைமாற்றத்தை, அதாவது ஏற்க முடியாத ஆசையை நல்ல செயலாக மடைமாற்றுவதை, பத்தாவதாகச் சேர்த்தார். உங்கள் பாடநூலில் 'காரணம் கற்பித்தல்' இருக்கும். அது அந்தப் பத்தில் இல்லை. ஃபிராய்டின் சீடரான எர்னஸ்ட் ஜோன்ஸ் 1908-லேயே அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆகவே பட்டியல்கள் நூலுக்கு நூல் மாறினால் கலங்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. காய்ச்சலுக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தான், தினமும் ஊசி. வீட்டுக்கு வந்ததிலிருந்து பொம்மைகளைக் கட்டிலில் கிடத்தி, 'அழக்கூடாது, கையை ஆட்டக்கூடாது' என்று அதட்டிக்கொண்டே பென்சிலால் குத்துகிறான். மூன்று வயதுத் தங்கையையும் விடுவதில்லை. முன்பு மிகச் சாதுவான பிள்ளை. கொடூரமானவனாக மாறிவிடுவானோ என்று என் மனைவி அழுகிறாள்.
(ஒரு தந்தை, காரைக்குடி)

பதில்: முதலில் உங்கள் மனைவியின் கண்ணீரைத் துடையுங்கள். உங்கள் பிள்ளை செய்வதை அன்னா ஃபிராய்டு 1936-லேயே மிகுந்த பரிவுடன் எழுதி வைத்திருக்கிறார். பல் மருத்துவரிடம் வலியை அனுபவித்துவிட்டு நேராக அன்னாவின் அறைக்கு வந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் முதலில் ஓர் அழிரப்பரை வெட்டினான். பிறகு நூலுருண்டை வேண்டுமென்று அடம்பிடித்தான். முழு உருண்டை கிடைக்காமல் போகவே ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பொடியாக நறுக்கினான். கடைசியில் பென்சில்களை எடுத்துக் கூராகச் சீவுவதும், முனையை ஒடிப்பதும், மறுபடி சீவுவதுமாக இருந்தான். அவன் பல் மருத்துவராக வேடம் போட்டு நடிக்கவில்லை, தனக்கு நேர்ந்த வன்முறையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான் என்கிறார் அன்னா. இருட்டான கூடத்தைக் கடக்கப் பயந்த ஒரு சிறுமியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். கைகளை விசித்திரமாக ஆட்டிக்கொண்டு அவள் ஓடிக் கடப்பாளாம். தன் தம்பிக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தாளாம்: கூடத்தில் எதிரே வரக்கூடிய பேயாக நீயே உன்னை நினைத்துக்கொண்டால் பயமிருக்காது என்று.

உங்கள் மகன் எட்டு நாள் அசையாமல் படுத்து, பிறர் கையிலிருந்த ஊசிக்கு உடம்பைக் கொடுத்தவன். இன்று ஊசி அவன் கையில் இருக்கிறது. அதட்டுகிற வார்த்தைகளைக் கவனித்துப் பாருங்கள். அவனிடம் சொல்லப்பட்டவையாகத்தான் அவை இருக்கும். தாக்குபவரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளுதல் என்று இந்தத் தற்காப்புக்குப் பெயர். சிறுபிள்ளைகளிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது. பொம்மை விளையாட்டைத் தடுக்காதீர்கள். தங்கையைக் குத்துவதை மட்டும் உறுதியாக நிறுத்துங்கள். அவளும் உங்கள் பிள்ளைதான். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, 'பொம்மைக்கு வலிக்குமே, பாவம், அதற்கு யார் தைரியம் சொல்வது?' என்று கேட்டுப் பாருங்கள். அவன் பொம்மைக்குச் சொல்வது அவனுக்கே சொல்லிக்கொள்வதாக இருக்கும். சில வாரங்களில் விளையாட்டு தானே தேயும். தேயாமல், தூக்கம் கெட்டு, இரவில் அலறி எழுகிறான் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: தற்காப்பு உத்திகள் எல்லாமே கெட்டவைதானா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. ஜார்ஜ் வேலண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அவற்றைப் பக்குவமற்றவை முதல் பக்குவமானவை வரை நான்கு படிகளாக அடுக்கினார். நகைச்சுவை, பிறர்க்கு உதவுதல், வரப்போவதை முன்கூட்டி எண்ணி ஆயத்தமாதல், துயரத்தை அறிந்தே சற்று ஒத்திப்போடுதல் ஆகியவை மேல்படியில் இருக்கின்றன. மகளின் திருமணம் முடியும்வரை தம் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைக்கும் தாய், நோயே இல்லை என்று மறுக்கவில்லை. கவலைக்குத் தேதி குறித்திருக்கிறார். இந்த வேறுபாடு முக்கியமானது. ஆனால் வேலண்டின் முடிவுகளுக்கு அடிப்படையாய் அமைந்தவர்கள், 1938-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்ட ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேர். அனைவரும் ஆண்கள், வசதியும் வாய்ப்பும் நிறைந்த ஒரு கல்லூரியில் படித்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கையில் 'பக்குவம்' என்று தெரிந்ததை உலகம் முழுவதற்கும் அளவுகோலாக்க நான் தயங்குவேன்.

கேள்வி: என்ன சிகிச்சை எடுத்தும் என் படபடப்பு தீரவில்லை. சிறுவயதில் ஏதோ கொடுமை நடந்து, அது அடிமனத்தில் புதைந்திருக்கலாம், ஹிப்னாடிசம் மூலம் தோண்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்)

பதில்: போகாதீர்கள். இவ்வளவு வெட்டாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நினைவு என்பது பரணில் போட்டு வைத்த பழைய பெட்டியைப் போலத் தூசி தட்டி எடுக்கக்கூடிய பொருளன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிப் பங்கேற்றவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதை முழுமையாகவோ அரைகுறையாகவோ 'நினைவுகூர்ந்தார்'. அமெரிக்காவில் 1980-களிலும் 1990-களிலும் இப்படி 'மீட்டெடுத்த' நினைவுகளால் பெற்றோர்மீது பிள்ளைகள் வழக்குத் தொடுத்து, பல குடும்பங்கள் உடைந்தன. ஃபிராய்டே ஹிப்னாடிசத்தில் தொடங்கி, அதைக் கைவிட்டுத்தான் தம் முறையை உருவாக்கினார். சிறுவயதுக் கொடுமைகள் நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அவை நடக்கின்றன, அனுபவித்தவர்களில் பெரும்பாலோருக்கு அவற்றை மறப்பதுதான் கடினமாக இருக்கிறது. நினைவில் இல்லாத ஒன்றை, இருந்தாக வேண்டும் என்ற முடிவோடு தேடப் புறப்படுபவரிடம் உங்களை ஒப்படைக்காதீர்கள். படபடப்புக்கு இன்று பயன் நிறுவப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. தைராய்டு சோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் உளவியல் காணொளிகளை நிறையப் பார்க்கிறார். என் இரண்டு வளையல்களை எனக்குச் சொல்லாமல் அடகு வைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியவந்தது. கேட்டால், 'உன் மனசில் இருக்கிற குற்ற உணர்வை என்மேல் புரொஜெக்ட் பண்ணுகிறாய்' என்கிறார். இல்லை என்றால், 'பார், இதுதான் டினையல்' (உண்மையை ஏற்க மறுப்பது) என்கிறார். அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். எனக்கே என்மீது சந்தேகம் வருகிறது.
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உங்கள்மீது நீங்கள் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. வளையல்கள் பீரோவில் இருக்கின்றனவா, அடகுக் கடையில் இருக்கின்றனவா என்பது மனத்தைப் பற்றிய கேள்வி அன்று. அதற்கான பதில் அடகுச் சீட்டில் இருக்கிறது.

தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாத எண்ணத்தை மற்றவரிடம் இருப்பதாகக் காண்பதற்குத்தான் புறத்தெறிதல் (புரொஜெக்‌ஷன்) என்று பெயர். அப்படி ஒன்று நடப்பதுண்டு. ஆனால் அதைக் கண்டறிவதற்கென்று உளப்பகுப்பாய்வு எத்தனை நிபந்தனைகளை வைத்திருக்கிறது என்று பாருங்கள்: பகுப்பாய்வு செய்பவர் முதலில் தாமே பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்க வேண்டும், வாரத்தில் பல நாட்கள், மாதக்கணக்கில், பெரும்பாலும் வாய்மூடிக் கேட்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் கணவர் செய்வது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. இந்தக் கோட்பாட்டிலேயே இருக்கிற ஓட்டை அது. வியன்னாவில் பிறந்த தத்துவஞானி கார்ல் பாப்பர் 1963-ல் வெளியான நூலில் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். ஒருவன் குழந்தையைக் கொல்வதற்காகத் தண்ணீரில் தள்ளுகிறான். இன்னொருவன் குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரையே கொடுக்கிறான். முதலாமவன் ஆசையை ஒடுக்கியதால் அப்படிச் செய்தான், இரண்டாமவன் அதை உயர்மடைமாற்றம் செய்துகொண்டான் என்று ஃபிராய்டின் கோட்பாட்டால் இரண்டையும் விளக்கிவிடலாம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தைச் சோதிக்க வழியில்லை என்றார் பாப்பர். 'ஆம்' என்றாலும் நான் சொன்னது சரி, 'இல்லை' என்றாலும் நான் சொன்னது சரி என்கிற இந்தக் குற்றச்சாட்டை ஃபிராய்டும் அறிந்திருந்தார். 1937-ல், தம் 81-ஆம் வயதில், அதற்கென்றே ஒரு கட்டுரையில் பதில் சொன்னார்: நோயாளியின் 'இல்லை'யைப் போலவே 'ஆம்' என்பதையும் தாம் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை; பின்னால் தானாக வெளிவரும் புதிய நினைவுகளையும் செய்திகளையும் வைத்துத்தான் தம் ஊகம் சரியா என்று பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பதில் முழுநிறைவாக இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் அதில் ஒரு பணிவு இருக்கிறது. காத்திருக்கும் பொறுமை இருக்கிறது. காணொளிகளில் அது வருவதில்லை.

அந்தப் பணிவு ஃபிராய்டுக்கு எப்போதும் வாய்த்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1900-ஆம் ஆண்டு அக்டோபரில் 18 வயதுப் பெண் ஒருத்தியைத் தந்தை அவரிடம் அழைத்துவந்தார். நூலில் அவளுக்கு டோரா என்று பெயர். குடும்ப நண்பரான ஒரு மணமானவர், அவள் சிறுமியாக இருந்தபோதே அவளைக் கட்டியணைத்து முத்தமிட்டார். பிறகு ஓர் ஏரிக்கரையில் தகாத விருப்பத்தையும் சொன்னார். அவள் வீட்டில் சொன்னபோது தந்தை நம்பவில்லை; அந்த நண்பரின் மனைவியோடு தந்தைக்கே உறவு இருந்தது. ஃபிராய்டு அவள் சொன்னதை நம்பினார், அதுவரைக்கும் சரி. ஆனால் அவளுடைய அருவருப்புக்குப் பின்னால் ஒடுக்கப்பட்ட காதல் இருப்பதாக விளக்கினார். அவள் மறுத்தபோது அந்த மறுப்பையும் சான்றாக எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டின் கடைசி நாளன்று அவள் எழுந்து போய்விட்டாள். பிற்பாடு அந்தக் குடும்பத்தை நேரில் சந்தித்து, ஏரிக்கரையில் நடந்ததை அந்த மனிதரின் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, 1902-ல் ஃபிராய்டிடம் வந்து அதைத் தெரிவித்தாள். வெளியே நடந்த அநீதியை உள்ளே நடக்கும் போராட்டமாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அவர் கலைச்சொல்லை எடுக்கும்போது அந்தச் சொல்லோடு வாதாடாதீர்கள். 'என் மனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். வளையல் எங்கே, எவ்வளவுக்கு வைத்தீர்கள், எப்போது மீட்பீர்கள்?' என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். உங்களுக்கு நெருக்கமான பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. ஆறு மாதமாக இடது கால் அவ்வப்போது வலுவிழந்து துவண்டுவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மனம்தான் காரணம் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். கல்யாணம் தள்ளிப்போகிற ஏக்கம் காலில் இறங்கிவிட்டது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அவளை உளப்பகுப்பாய்வுக்கு அழைத்துப் போக வேண்டுமா?
(ஓர் அண்ணன், மதுரை)

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபிராய்டு தம்மைப் பற்றியே எழுதி வைத்த ஒரு செய்தியை முதலில் சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு நோயாளியின் பெயரைப் பார்த்தும் அது யாரென்று அவருக்கு நினைவு வரவில்லை. யோசித்த பிறகு தெரிந்தது: 14 வயதுச் சிறுமி, ஹிஸ்டீரியா (மனக்காரணத்தால் உடலில் தோன்றும் அறிகுறிகளுக்கு அன்று இட்ட பெயர்) என்று தாம் தீர்மானித்து, தம் சிகிச்சையில் விரைவாகத் தேறியவள். வயிற்றுவலி மட்டும் போகவில்லை. இரண்டு மாதங்களில் அவள் வயிற்றில் வளர்ந்திருந்த புற்றுநோயால் இறந்துபோனாள். ஹிஸ்டீரியாவின் ஆரவாரமான அறிகுறிகளைப் பார்த்ததில், உள்ளே ஒளிந்திருந்த நோயின் முதல் அடையாளத்தைத் தாம் தவறவிட்டிருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். மறக்கவே முடியாத பாடம் என்று சொல்லத்தக்க அந்த நோயாளியின் பெயரைத்தான் அவர் மறந்திருந்தார்.

லண்டனில் எலியட் ஸ்லேட்டர் என்ற மருத்துவர், ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட 85 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 1965-ல் எழுதினார். அவர்களில் பலருக்கு நரம்பு நோயோ வேறு உடல்நோயோ பின்னர் வெளிப்பட்டிருந்தது. 1970-களுக்குப் பிறகு இத்தகைய தவறான முடிவு சுமார் 4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று பிந்தைய தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் 'ஸ்கேனில் ஒன்றுமில்லை, எனவே மனம்' என்ற முறையில் அந்த முடிவுக்கு வரக் கூடாது. இன்று நரம்பியல் மருத்துவர்கள் நேரடியான அடையாளங்களைத் தேடுகிறார்கள். நோயாளியைப் படுக்க வைத்து, துவளும் காலின் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் வலு இருக்காது. பிறகு நல்ல காலை, மருத்துவரின் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொல்வார்கள். அப்போது துவண்ட காலின் குதிகால் தானாகவே படுக்கையை அழுத்தினால், நரம்புப் பாதை அறுபடவில்லை, அதன் இயக்கம்தான் தடுமாறுகிறது என்று பொருள். 1908-ல் ஹூவர் என்பவர் விவரித்த சோதனை இது. இப்படி இயக்கம் தடுமாறும் நிலையைக் கண்டறிய மனக்காரணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும், 2013-ல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் நீக்கிவிட்டது. உங்கள் உறவினர்கள் சொல்லும் கல்யாணக் கதை உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயறிதலுக்கு அது தேவையில்லை. நோய் இந்த வகைதான் என்று உறுதிப்பட்டால் அதற்கேற்ற உடற்பயிற்சிச் சிகிச்சை உதவும். மனச்சுமையும் இருந்தால் அதைப் பேசித் தீர்க்க ஆலோசகரைப் பார்க்கலாம்.

நரம்பியல் மருத்துவர் வேறொருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கால் எந்தெந்த நாளில், எந்த வேளையில், என்ன செய்துகொண்டிருந்தபோது துவண்டது, எத்தனை நிமிடம் நீடித்தது, பார்வையிலோ சிறுநீர் கழிப்பதிலோ மாற்றம் இருந்ததா என்பதை ஒரு தாளில் உங்கள் தங்கையே தம் கைப்பட எழுதி எடுத்துவரட்டும். மருத்துவரின் அறையில் அவருக்காக நீங்கள் பேசாமல், அவரையே பேசவிடுங்கள்.